சுருள் ஆண்டெனாவில் பதிவான சூரியச் சுடர்

சூரியப் பரப்பில் திடீரென்று வெடிக்கும் சூரியச் சுடரிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்கள் சுமார் எட்டு நிமிடங்களில் பூமியை அடைந்து, பகல் பக்கத்தில் அயனி மண்டலத்தின் (மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதியின்) அடியடுக்கைச் சட்டென்று அடர்த்தியாக்கிவிடுகின்றன. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலையின் வலிமையும் உடனே மாறுகிறது. அந்த மாற்றத்தை மதுரையில் வீட்டிலிருந்தே பதிவுசெய்வதுதான் என் நோக்கம்.

மரச்சட்டத்தில் வைண்டிங் கடைச் செப்புக் கம்பியைச் சுற்றி, சிறிய பெருக்கி வழியாகக் கணினியின் மைக் துளையில் இணைத்தேன். சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பதால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கலாம். எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலிலிருந்து தப்ப, சுருள் மொட்டைமாடிக்குப் போனது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரைச்சல் அடங்கும் கோணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது.

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலுள்ள கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை கணீரென்று கிடைத்தது. ஆனால் இவ்வளவு அருகில் தரையொட்டி வரும் அலையே ஓங்கியிருப்பதால், ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து வரும் 19.8 கிலோஹெர்ட்ஸுக்கு மாறினேன். விடியலும் அந்தியும் வரைபடத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்கியது அதன் பிறகுதான்.

2024 மே 10 பகல் 12.24 மணிக்கு எக்ஸ் 3.9 வகைச் சுடர் உச்சத்தைத் தொட்டது (சுடர் வகைகளில் மிக வலியது எக்ஸ்). என் வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறி, பின்பு சரிவாக, மிக மெதுவாக இறங்கியது. சுடர் ஓய்ந்தாலும் அயனிகள் மீண்டும் இணைய நேரம் பிடிக்கும் என்பதை அந்தச் சரிவே காட்டுகிறது.

அன்றிரவு பத்தரை மணியளவில் தொடங்கிய புவிகாந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் குலுக்கல், 2003க்குப் பிறகு முதன்முறையாக ஜி5 என்ற உச்ச நிலையை எட்டியது. லடாக்கின் ஹன்லேயில் வானம் செந்நிறம் கொண்டது. நண்பகல் சுடர்தான் அதற்குக் காரணம் என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. அது மே 8 முதல், அந்தச் சுடர் வெடித்த அதே சூரியப்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய, மின்னேற்றம் பெற்ற துகள்களாலான பிளாஸ்மா மேகங்களின் வேலை. ஒளி நிமிடங்களில் கடக்கும் தூரத்தைக் கடக்க அம்மேகங்களுக்கு ஒன்று முதல் மூன்று நாள் ஆகிறது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலம் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியதும் இத்தகைய மேகத்தால்தான்.

மேகத்தின் வருகையை இந்தச் சுருள் நேரடியாகக் காட்டாது. ஆகவே, பட்டுநூலில் தொங்கும் காந்தத்தில் சிறு கண்ணாடியை ஒட்டி, லேசர் ஒளியைச் சுவரில் விழச்செய்யும் காந்தமானியை இப்போது அமைத்துவருகிறேன். காற்று படாமலிருக்க அதை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருக்கிறேன்.