தாய்ச்சி வகுப்பின் நாற்காலி வரை அப்பாவை அழைத்துச் செல்ல ஏழு வாரங்கள் ஆயின

அப்பாவுக்கு 73 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை தொடங்கி மூன்று மாதங்களாகியும் பாதிதான் தேறியிருந்தார். மூச்சையும் அசைவையும் கவனித்து மெதுவாகச் செய்யும் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியையும் சேர்க்கலாம் என்றார் மனநல மருத்துவர். 60 வயதைக் கடந்து, இதே மாத்திரையால் ஓரளவே பலன் கண்டவர்களுக்கு 10 வாரம் தாய்ச்சி கற்றுக்கொடுத்ததில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்ததாக அமெரிக்க மனநல மருத்துவர் ஹெலன் லாவ்ரெட்ஸ்கி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் அவர்தான் சொன்னார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்துப் பணம் கட்டியதில் சிரமம் ஏதுமில்லை.

முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவர் கடிதம் வேண்டுமாம். தொலைபேசியில் இரண்டு முறை விசாரித்தபோது அதை யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு வீண் அலைச்சல், அவ்வளவுதான். சட்டை மாற்றுவதற்கே அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்த அப்பாவுக்கோ அது தீர்ப்பாகிவிட்டது. "எனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க பாத்தியாம்மா" என்றவர், அதன்பின் ஒன்பது நாள் வாசற்படி தாண்டவில்லை. அந்த ஒன்பது நாள்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, மனச்சோர்வில் இருக்கும் பெரியவரை அழைத்துச் செல்வதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை நேரில் போய், எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை நான் தனியாகவே போனேன். "உடற்பயிற்சி செய்யலாம்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தைப் பார்த்த பயிற்சியாளர், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் குறைகிறதா, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உண்டா, எலும்புத் தேய்மானம் உண்டா என்று அடுக்கினார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவர் அப்பாவைப் படுக்க வைத்துப் பார்த்தபோது 138 இருந்த ரத்த அழுத்தத்தின் மேல் அளவு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 112-க்கு இறங்கியது. 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்று சொல்லி, ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். பயிற்சியாளர் கேட்டது முற்றிலும் சரி. அந்தக் கேள்விகளைப் பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுக்காததுதான் தவறு. மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் முதியவர்கள் தடுமாறி விழும் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்பதால், எழுந்து நின்றபின் எடுத்த ரத்த அழுத்த அளவையும் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தடை நேரம். காலை ஏழு மணி வகுப்பில்தான் இடம் இருந்தது. அப்பாவுக்கு விடிகாலைதான் நாளின் மிக மோசமான பொழுது. மனச்சோர்வில் பலருக்கும் அப்படித்தான். மாலை வகுப்பில் இடம் கிடைக்கும்வரை இரண்டு வாரம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை.

முதல் வகுப்பில் "கண்களை மூடி எண்ணங்களைக் கவனியுங்கள்" என்றதும் அப்பாவின் விரல்கள் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றி வெளுத்துப்போயின. நாள் முழுவதும் எந்த எண்ணங்களிடமிருந்து தப்பிக்கப் பார்த்தாரோ, அவற்றின் நடுவிலேயே கொண்டுபோய் அவரை உட்கார வைத்ததுபோல் ஆயிற்று. இடைவேளையில் சொன்னபோது பயிற்சியாளர் உடனே ஒத்துக்கொண்டார்: கண்கள் திறந்தே இருக்கட்டும், பார்வை தரையில், கவனம் எண்ணங்களில் அல்ல, உள்ளங்காலில். எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவதைக் கவனிப்பது அப்பாவுக்குப் பிடிபட்டது.

பத்தாவது வாரம் மனநல மருத்துவர் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தார். மதிப்பெண் கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று பொருள்; 11 ஆக இருந்தது 6 ஆகியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு, இப்போதைக்குக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சென்ற வாரம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சட்டென்று எழுந்தார். மாதக்கணக்கில் யாரிடமும் தானாகப் பேச்சுக் கொடுக்காத அப்பா, எட்டி அவர் முழங்கையைப் பிடித்து, "எந்திரிச்ச உடனே நடக்காதீங்க, நாற்காலியப் பிடிச்சுக் கொஞ்சம் நில்லுங்க" என்றார்.