செக்சம் பொருந்தவில்லையா? உடனே மேக்சம் போடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் கரண்டும் போகும், இணையமும் போகும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டித் தரும் போர்ட்ஸ் தொகுப்பில், மூலக்கோப்பு இறங்காமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் இங்கே பெரும்பாலும் இந்த இரண்டுதான். கோப்பை இறக்கும் ஃபெட்ச் கருவிமேல் பழி போடுவதற்கு முன் இறங்கிய கோப்பைப் பாருங்கள்.

ஒவ்வொரு போர்ட்டிலும் (ஒரு மென்பொருளுக்கு ஒரு போர்ட்) டிஸ்ட்இன்ஃபோ என்று ஒரு கோப்பு உண்டு. மூலக்கோப்பின் எஸ்எச்ஏ256 மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண், இதுதான் செக்சம்), பைட் கணக்கில் அதன் அளவும் அதில் இருக்கும். செக்சம் பொருந்தவில்லை என்று திரையில் வந்ததும் பலர் 'மேக் மேக்சம்' கொடுத்துவிடுகிறார்கள். அது கோப்பைச் சரிசெய்யாது, கிடைத்த கோப்புக்குத் தக்கபடி டிஸ்ட்இன்ஃபோவையே மாற்றி எழுதிவிடும். பசுந்தேயிலை எடை குறைகிறதென்று தராசைத் திருகிவைக்கிற வேலை அது.

இறங்கிய கோப்புகள் சேரும் டிஸ்ட்ஃபைல்ஸ் கோப்பகத்தில் 'எல்எஸ் -எல்' கொடுத்து, அளவை டிஸ்ட்இன்ஃபோவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் லைன் பாதியில் அறுந்திருக்கிறது. 'மேக் செக்சம்' கொடுத்தால் ஃபெட்ச் '-ஆர்' என்ற தெரிவின் துணையோடு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அளவு சரி, மதிப்பு மட்டும் தவறு என்றால் அதுதான் குழப்புகிற ஆள். ஊட்டி லாட்ஜ் வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் குறுக்கே வந்து, இரண்டு கிலோபைட் அளவுள்ள அந்த எச்டிஎம்எல் பக்கம் மூலக்கோப்பின் பெயரிலேயே சேமிக்கப்பட்டிருக்கலாம். சர்வர் அளவைச் சொல்லாதபோது ஃபெட்ச் அதைத் தடுக்காது. அடுத்த முறை '-ஆர்' அந்த இரண்டு கிலோபைட்டைத் தாண்டி மீதியை ஒட்டிவிடும். மொத்த அளவு கச்சிதமாக வரும், தலை மட்டும் வேறு. 'ஹெட்' கட்டளையில் கோப்பின் தொடக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே தொடர்வதில் பயனில்லை. 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுத்து அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குங்கள்.

மூலத் தளமே கோப்பை மாற்றியிருப்பதும் உண்டு. 2023 ஜனவரி 30 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம், தானாக உருவாக்கித் தரும் டார் கோப்புகளை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு)ச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளே இருந்த நிரல் அப்படியே இருந்தும் பல பொதி அமைப்புகளில் செக்சம் உடைந்தது. அன்றே பழைய முறைக்குத் திரும்பினார்கள். இப்படி நடந்தால் மேக் கட்டளையோடு 'மாஸ்டர்_சைட்_ஃப்ரீபிஎஸ்டி=யெஸ்' என்று சேர்த்து, ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் பிரதியை எடுங்கள். போர்ட்டைப் பராமரிப்பவர் நீங்களே என்றால், பழைய டாரையும் புதிய டாரையும் பிரித்து, வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' பார்த்த பிறகு மேக்சம் போடலாம்.

இறக்கும்போது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் பிழை என்று வந்தால் முதலில் 'டேட்' அடித்துக் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதிக்கு எந்தச் சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகியிருக்காது. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி மூலம் நேரத்தைத் திருத்தினால் போதும். சான்றிதழ் சோதனையையே அணைத்துவைக்கச் சொல்லும் யோசனைகளைக் காதில் வாங்காதீர்கள்.

லைன் நன்றாக இருக்கும் நாளில் 'மேக் ஃபெட்ச்-ரிகர்சிவ்' ஓட்டிவிடுங்கள். அந்த மென்பொருளுக்குத் தேவையான சார்புப் பொதிகளின் மூலக்கோப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும். அதற்கும் வழியில்லையென்றால் 'ஃபெட்ச்-ரிகர்சிவ்-லிஸ்ட்' தரும் பட்டியலை மேட்டுப்பாளையத்தில் யாரிடமாவது கொடுத்து, பென்டிரைவில் வாங்கி டிஸ்ட்ஃபைல்ஸில் போடுங்கள். போட்டதும் மறக்காமல் ஒரு 'மேக் செக்சம்'.