241.3 மில்லிவோல்ட்டில் சிக்கிய ஷார்ட்

சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒன்று மூன்று மாதமாக மேசைக்கு அடியில் கிடந்தது. 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சானல். ஆன் செய்தால் பவர் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதோடுதான் கழிந்தது.

மெயின்ஸில் நேராகச் சொருகவில்லை. உள்ளே ஷார்ட் இருந்தால் கரன்ட் எகிறாமல் தடுக்க, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது. டிரான்ஸ்பார்மர், ரெக்டிபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) பக்கம் பெரிய ஷார்ட் இல்லை, நிம்மதி. பல்பை எடுத்துவிட்டு, உள்ளே போர்டுகளுக்குப் போகும் சப்ளைகளை அளந்தேன். 5 வோல்ட் சரி, மைனஸ் 12 சரி. பிளஸ் 12 இருக்க வேண்டிய இடத்தில் 0.4 வோல்ட்!

ஆஃப் செய்து, திரையான பிக்சர் டியூப் பக்கம் இருக்கும் ஹை வோல்டேஜ் முழுக்க இறங்கும்வரை காத்திருந்தேன். இரண்டாயிரம் வோல்ட் சமாச்சாரம், அங்கே அவசரமே கூடாது. அப்புறம் பிளஸ் 12 லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தால் 1.2, கிட்டத்தட்ட ஷார்ட். போர்டு கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், வெர்டிகல் போர்டு (திரையில் கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி) கழன்றதும் ஷார்ட் போய்விட்டது.

அந்த போர்டில் பிளஸ் 12 லைனில் மட்டும் பதினோரு டான்டலம் கெபாசிட்டர்கள், மஞ்சள் துளி வடிவத்தில். வயதான டான்டலம் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். பதினொன்றையும் மாற்றிவிடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய போர்டில் சூடு பட்டால் பேட் (காலைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) கையோடு வந்துவிடும். தேவையில்லாமல் கழற்றும் ஒவ்வொரு காலும் ஒரு புது ஆபத்து.

அதனால் போர்டைத் தனியாக வைத்து, பெஞ்ச் சப்ளையில் (மேசையில் வைக்கும் டிசி சப்ளை) கரன்ட் லிமிட்டை 200 மில்லிஆம்பியரில் நிறுத்தி அந்த லைனுக்குக் கொடுத்தேன். மல்டிமீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில் அசையாமல் இருக்க, சிவப்பு முனையை மட்டும் டிராக் (போர்டில் பதிந்த செம்புக் கோடு) வழியே நகர்த்தினேன். கரன்ட் ஓடும் வழியில் செம்புகூடக் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும். கனெக்டரில் 246.8 மில்லிவோல்ட். முதல் கெபாசிட்டரில் 245.2. அடுத்தது 243.9. நான்காவதில் 241.3. ஐந்தாவதிலும் 241.3, ஆறாவதிலும் அதேதான். நான்காவதைத் தாண்டி கரன்ட் போகவில்லை, எல்லாம் அதற்குள்ளேயே இறங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை அளந்தேன், அதே எண்.

அதை மட்டும் கழற்றினேன். ஓம்ஸில் தனியாக வைத்துப் பார்த்தால் 1.1. பத்து மைக்ரோபாரட், 16 வோல்ட். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் டான்டலம் என்பது ரொம்ப இறுக்கம், பாதி வோல்டேஜில் ஓட்டினால்தான் அது நீடிக்கும். 35 வோல்ட் ஒன்றைப் போட்டேன். மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட கால் நெகட்டிவ், டான்டலத்தில் கோடு போட்ட கால் பாசிட்டிவ். மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்ததும் பிளஸ் 12 லைனில் 11.96. டியூப் சூடேற அரை நிமிடம். பிறகு நடுவில் மெல்லிய பச்சைக் கோடு எழுந்தது. புரோபை (அளக்கும் கம்பி) ஸ்கோப்பிலேயே இருக்கும் காலிப்ரேஷன் முனையில் மாட்டினேன், ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. மூலைகள் கொஞ்சம் உருண்டிருந்தன, புரோபின் திருகைத் திருப்பியதும் கூர்மையாக நின்றன.

இரண்டாவது சானலில் வோல்ட்ஸ் சுவிட்சைத் திருப்பினால் கோடு எகிறுகிறது, கான்டாக்டில் அழுக்கு. அடுத்த வாரம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்க வேண்டும்.