தெப்பக்குளக் கரையில் கபாலபாதி

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் படியில் அமர்ந்து, டிவியில் யோகா குரு பாபா ராம்தேவ் செய்ததுபோல் கபாலபாதி (மூச்சைச் சட்சட்டென வெளியே தள்ளும் பயிற்சி) செய்பவர்கள் கவனிக்க.

வெளிமூச்சு மட்டும்தான் உங்கள் வேலை. அடிவயிறு சட்டென உள்ளே போகணும்; உள்மூச்சு தானாக வரும். தோள் குலுங்கினால் நெஞ்சால் தள்ளுகிறீர்கள். புதியவர்களுக்கு 20 தடவை, ஒரு நிமிட ஓய்வு, 3 சுற்று போதும். வேகம் கூடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும். 'சக்தி ஏறுது' என்று நினைத்துத் தொடராதீங்க. சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகணும். ரத்தக்கொதிப்பு, குடலிறக்கம், கர்ப்பம் என்றால் வேண்டாம்.

2011 ஜூன் 4-ல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் கறுப்புப் பணத்துக்கு எதிராக ராம்தேவ் உண்ணாவிரதம் தொடங்கினார். நள்ளிரவில் போலீஸ் கலைத்தது. கோரிக்கை நியாயம்தான். ஆனால் தன் பதஞ்சலி நிறுவனத்தின் தவறான மருந்து விளம்பரங்களுக்காக 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டவரும் அவரே. அதனால் மூச்சுப்பயிற்சியை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்திடாதீங்க, அண்ணாச்சி.