கேலக்ஸில் நான்கு ராத்திரி: ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின், ஒரு மோசமான டாக்ஸி

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். கூடாரம் பால்கனியில் காய்கிறது, இடது கை விரல் நுனியெல்லாம் எரிகிறது, காதுக்குள் இன்னும் பாஞ்சோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக இரண்டு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் அந்த டாக்ஸி.

கேலக்ஸ் தென்மேற்கு வர்ஜீனியாவில், வட கரோலினா எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன மலை ஊர். அந்த மலைகளில் பளபளவென்று வட்ட இலையோடு வளரும் ஒரு செடியின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். 1935-இல் இருந்து அங்கே ஓல்டு ஃபிட்லர்ஸ் கன்வென்ஷன் என்ற நாட்டுப்புற இசைப் போட்டி ஆகஸ்டில் ஒரு வாரம் நடக்கிறது, ஊரின் மூஸ் லாட்ஜ் சங்கத்தார் நடத்துகிறார்கள். நான் வேலை பார்க்கும் சார்லட்டில் இருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். என்னிடம் கார் இல்லை, வாடகைக் காருக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டேன். 38 டாலருக்கு பஸ் கிடைத்தது. இரண்டரை மணி நேரம் தாமதம், ஏசி வேலை செய்யவில்லை, எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர் வழி முழுக்க போனில் சண்டை போட்டார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 77-ஆம் எண் நெடுஞ்சாலையில் கேலக்ஸுக்குத் திரும்ப வேண்டிய 14-ஆம் எக்ஸிட்டை பஸ் நிற்காமல் தாண்டிப் போனபோது வயிறு எரிந்தது. அங்கிருந்து ஊர் பத்துப் பதினொரு மைல்தான். பஸ்ஸோ வைத்வில் வரை போய்த்தான் நிற்கும், அப்புறம் வந்த வழியே திரும்பி வர வேண்டும்.

வைத்வில்லில் இருந்து டாக்ஸிக்குப் போன் செய்தேன். 70 டாலர் என்றார்கள். சரி, வேறு வழியில்லை. கேலக்ஸில் இறங்கும்போது டிரைவர் 140 கேட்டார். திருவிழா வாரமாம், கூடாரப் பைக்கு தனிக் கட்டணமாம், வயலின் பெட்டிக்கும் தனியாம். மடியில் வைத்துக்கொண்டு வந்த வயலினுக்குக் கட்டணம்! கால் மணி நேரம் வாதாடினேன், ஒன்றும் நடக்கவில்லை. யாராவது போவதாக இருந்தால் தொகையை எழுத்தில் வாங்காமல் ஏறாதீர்கள். பக்கத்தில் இருந்த மோட்டல் அந்த வாரத்துக்கு ஒரு ராத்திரிக்கு 165 கேட்டது. அதனால்தான் 48 டாலருக்குப் புதுக் கூடாரம் வாங்கிப் போயிருந்தேன்.

அந்தக் கோபத்தோடு ஃபெல்ட்ஸ் பார்க்குக்குள் நுழைந்தேன். கோபம் பத்து நிமிடம் தாங்கவில்லை. ஊர் நடுவே இருக்கும் விளையாட்டு மைதானம் அது. ஒரு பக்கம் மேடை, மற்றபடி மைதானம் முழுக்க முகாம் வண்டிகள், கூடாரங்கள். ஒவ்வொரு வண்டியின் பந்தலுக்குக் கீழேயும் நான்கைந்து மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி நடந்தால் ஒரு பாட்டு மங்கி அடுத்தது தெளிவாகிறது. மேடையில் நடக்கும் போட்டியை நான் மொத்தமாக இரண்டு மணி நேரம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். போட்டி ஒரு சாக்கு, ஜனங்கள் வருவது இந்த வட்டங்களுக்காகத்தான் என்பது என் அபிப்ராயம்.

ஒரு குடும்பம் தங்கள் வண்டியை ஒட்டிக் கூடாரம் போட இடம் கொடுத்தது. அந்த வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். சிறுவயதில் திருச்சியில் ஒன்பது வருடம் கர்நாடக வயலின் கற்றவன் நான், அப்புறம் படிப்பு, வேலை என்று விட்டுப்போனது. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து வயலினை எடுத்து நான்கு தந்திகளையும் ஒருமுறை இழுத்தேன். ஸ, ப, ஸ, ப. பெரியவர் சட்டென்று திரும்பினார்.

"கிராஸ் ட்யூனிங் வெச்சிருக்கீங்க! இந்த மலையில யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஃபிடிலும் வயலினும் ஒரே வாத்தியம்தான், வழக்கமாக அதன் தந்திகளை மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஜி, டி, ஏ, இ என்று ஸ்ருதி சேர்ப்பார்கள். ஆனால் இந்த மலைப்பக்கத்துப் பழைய ஆட்கள் ஏ ஸ்ருதிப் பாட்டுகளுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று வைத்துக்கொள்வார்கள். விரல் வைக்காத தந்தியும் சேர்ந்து முழங்கும். நம் கணக்கில் அது அப்படியே ஸ ப ஸ ப! எங்கெங்கோ இருக்கும் ஒரு மலைநாட்டு வழக்கமும் ஓர் ஆற்றங்கரை வழக்கமும் ஒரே வாத்தியத்தை ஒரே மாதிரி சேர்த்திருக்கின்றன. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

என் வயலின் இரண்டு கட்டை ஸ்ருதியில் இருந்தது, அவருடையதற்கு வர ஒரு பஞ்சமம் ஏற வேண்டும். ஏற்றும்போது முதல் தந்தி பட்டென்று அறுந்தது. அவர் தன் பெட்டியில் இருந்து புதுத் தந்தியை எடுத்து அவரே மாட்டிவிட்டார். நான் பர்ஸை எடுத்ததும் என் கையைப் பிடித்து மடக்கிவிட்டார். டாக்ஸிக்காரருக்கு 140 கொடுத்த அதே நாள் இது.

தரையில் சப்பணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி உட்கார்ந்தேன். யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. பெரியவரே தாடைக்குக் கீழே வைக்காமல் நெஞ்சில் சாய்த்துத்தான் வாசிக்கிறார், அந்தப் பக்கத்துப் பழைய ஃபிட்லர்களுக்கு அது வழக்கம்தான். பாட்டை பார் என்ற சின்னத் தாளச் சுற்றுகளாக எண்ணுகிறார்கள். எட்டு பார் ஒரு பகுதி, அதை இரண்டு தடவை. அடுத்த எட்டு பார் இன்னொரு பகுதி, அதுவும் இரண்டு தடவை. மொத்தம் 32 பார், அப்புறம் மறுபடி முதலில் இருந்து. தாள் கிடையாது, பாடம் கிடையாது. எல்லோரும் ஒன்றாக வாசிக்கிறார்கள், தெரியாதவர் தெரிந்த இடத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். பத்தாவது சுற்றில் பாதி கைக்கு வந்துவிட்டது, ஏனென்றால் அது அரிகாம்போதியின் ஸ்வரங்கள். உடனே நான் நிஷாதத்தை அசைக்க ஆரம்பித்தேன். பெரியவர் வாசித்துக்கொண்டே குனிந்து, "ஸ்வரத்தை ஆட்டாதீங்க, நேரா நிக்கட்டும். வில்லை ஆட்டுங்க" என்றார். ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு நீளம், இரண்டு குட்டை என்று வில் போக வேண்டும், ஷஃபிள் என்கிறார்கள். ஒன்பது வருடம் நான் இடது கையில் தேடிய உயிர் இங்கே வலது கையில் இருந்தது. அது பிடிபட எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

இது ஓல்டு டைம் வட்டம், அதாவது இந்த மலைகளின் பழைய நாட்டுப்புற இசை. புளூகிராஸ் வட்டம் அடுத்த வரிசையில், அங்கே முறையே வேறு. வேகம் அதிகம், ஒருவர் பாடுவார், பாட்டுக்கு நடுவே ஒவ்வொரு வாத்தியமாகத் தனியாக எடுத்து வாசிக்கும். அதற்கு பிரேக் என்று பெயர். பாட்டை ஆரம்பித்தவர் தலையை அசைத்துப் பார்த்தால் உங்கள் முறை. வேண்டாம் என்றால் நீங்களும் தலையை அசைத்தால் போதும், பார்வை அடுத்தவரிடம் போய்விடும், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் பாடும்போது அவர்மேல் ஏறி வாசிப்பதுதான் அங்கே பெரிய குற்றம். பாட்டை முடிக்கப் போகிறார் என்பதற்கு ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார்.

அந்த வட்டத்தை நடத்திய அம்மாள் மாண்டலின் வாசிப்பவர். மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார், அவர் கையில் இருந்தது மின்சார மாண்டலின், அது பாடியது. இங்கே எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாக, ஃபிடிலுக்கு உள்ள அதே ஜி, டி, ஏ, இ. அதனால் வயலின் தெரிந்தவருக்கு இடது கை பாதி தயார். ஆனால் அதன் முக்கிய வேலை தாளம்! புளூகிராஸில் மேளம் கிடையாது. பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் தாளத்தின் ஒன்றாம், மூன்றாம் அடிகளில் விழ, மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டும், அடித்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை நிறுத்திவிட வேண்டும். அந்த அம்மாள் தன் மாண்டலினை என் கையில் கொடுத்து, ஒரு முழுப் பாட்டுக்கு என்னை வெட்ட விட்டார். நான் முந்தியபோதெல்லாம் தன் தொடையில் தட்டிக் காட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

புளூகிராஸ் என்ற பெயரே பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் இருந்து வந்தது. 1911-இல் கென்டக்கியில் ரோசின் என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன்மார் ஃபிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொண்டதால் கடைக்குட்டியான அவருக்கு மாண்டலின் மிஞ்சியது, அதிலும் சத்தம் அதிகம் வரக் கூடாதென்று எட்டில் நான்கு தந்திகளைக் கழற்றச் சொன்னார்கள் என்று சொல்வார்கள். அவர் கற்றது வகுப்பில் இல்லை. ஃபிடில் வாசித்த மாமா பென் வாண்டிவரோடும், ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைக்கலைஞரோடும் ஊர் நடனங்களுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே கற்றார். வட்டத்தில் ஒரு ஓரத்து நாற்காலி கிடைத்தால் போதும், கற்பது தானாக நடக்கும் என்று நான் நம்புவதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டித் தீர்த்தது. மைதானம் முழுக்கச் சேறு. பந்தலுக்குக் கீழே எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தபோது அந்த வீட்டுப் பெண்மணி சாப்பாடு பரிமாறினார். பன்றிக்கறித் துண்டு போட்டு நாள் முழுக்க வேகவைத்த பின்டோ பீன்ஸ், மேலே பச்சை வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டது, முட்டைக்கோஸ் ஊறுகாய், இரும்புச் சட்டியில் சுட்டுச் சட்டியோடு கொண்டுவந்த சோள ரொட்டி. ரொட்டியின் அடிப்பக்கம் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக, வெண்ணெய் தொட்டதும் உருகியது. பீன்ஸ் சாற்றில் அதை நனைத்துச் சாப்பிட்டேன். மூன்று தடவை வாங்கினேன். அமெரிக்காவில் நான்கு வருடத்தில் இவ்வளவு நல்ல சாப்பாடு நான் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை.

மழை விடும்வரை அவர்கள் பேத்தி எனக்கு பாஞ்சோ காட்டினாள். பன்னிரண்டு வயது. பள்ளி விட்ட பிறகு கற்றுக்கொடுக்கும் ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ் திட்டத்தில் ஆரம்பித்தவள், அது 2000-இல் பக்கத்து அலெகெனி கவுன்டியில் தொடங்கியது. பாஞ்சோ ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்த வாத்தியத்தில் இருந்து வந்தது என்பதையும் முதலில் அவள்தான் சொன்னாள். ஐந்தாவது தந்தி குட்டை, கழுத்தின் பாதியில் இருந்து தொடங்கும், கட்டைவிரல் அதைத் தட்டிக்கொண்டே இருக்க ஒரு மேல் ஸ்ருதி விடாமல் ஒலிக்கும். மூன்று விரலில் மாட்டிய நகங்களால் உருட்டும் இந்தப் பாணியை உலகத்துக்குக் காட்டியவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், சார்லட்டுக்கு மேற்கே ஷெல்பி பக்கத்துக்காரர். 1945 டிசம்பரில், 21 வயதில், மன்றோவின் குழுவில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் நாம் இன்று புளூகிராஸ் என்று கேட்பது முழு உருவம் பெற்றது.

அவள் ஃபார்வர்டு ரோல் என்ற ஒரு உருட்டலை வாசித்தாள். ஒரு பாருக்கு எட்டு ஸ்வரம், மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிகிறது. கேட்டுக்கொண்டிருந்த என் வாயில் தானாக வந்தது: தகிட தகிட தக. அவள் நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொண்டே வாசித்தாள், எண்ணுவதைவிட இது சுலபம் என்றாள். சனிக்கிழமை காலையில் பல் தேய்க்கப் போகும்போது, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்று பிள்ளைகள் நின்று தகிட தகிட தக என்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெரியவரோடு புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் 213-ஆம் மைல்கல் பக்கம் இருக்கும் புளூ ரிட்ஜ் மியூசிக் சென்டருக்குப் போனேன். மத்தியானம் நடைக்கூடத்தில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள், காசு கிடையாது, அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும், மாண்டலின் அம்மாள் தலையை அசைத்து என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக மறுத்துவந்தவன் அப்போது வில்லைத் தூக்கினேன். ஜி-யில் போன பாட்டு, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை விட்டு வெளியே போகவில்லை, வில்லை மட்டும் ஒரு நீளம் இரண்டு குட்டையாக இழுத்தேன். பதினாறு பார். யாரும் கை தட்டவில்லை, பாட்டு அடுத்தவரிடம் போய்விட்டது. எதிரே இருந்த பெரியவர் கண்ணை மூடியபடி சிரித்தார்.

கணக்கு: பஸ் போகவர 76, டாக்ஸி 140, கூடாரம் 48, நுழைவும் சாப்பாடும் 110. மொத்தம் 374 டாலர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த டாக்ஸி. திரும்பும்போது அந்தக் குடும்பமே வைத்வில்லில் இறக்கிவிட்டது, பெட்ரோலுக்குக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆகஸ்டில் சார்லட்டில் இருந்து யாராவது காரில் போவதாக இருந்தால் எழுதுங்கள், செலவில் பாதி நான் தருகிறேன். எனக்கு ஒரு இடம், வயலினுக்கு மடி போதும்.