பூனையின் ஹெர்பிஸ் நாய்க்கு ஒட்டுமா?

செல்லப்பிராணி மருத்துவத்தில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. தும்மலும் கண்ணில் பீளையுமாக ஒரு பூனையைத் தூக்கி வருவார்கள். ஃப்ளோரசீன் என்ற சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தால், கருவிழியில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். அதைப் பார்த்தாலே அநேகமாகப் பூனை ஹெர்பிஸ் என்ற வைரஸ்தான். பெயரைச் சொன்னதும், "டாக்டர், வீட்ல நாயும் இருக்கே, அதுக்கு ஒட்டிக்காதா?" என்பார்கள்.

ஒட்டாது. ஆனால் கேள்வி நியாயமானது. நாய்க்கும் சொந்தமாக ஒரு ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. மரபணு வரிசையை ஒப்பிட்டால் இரண்டும் நெருங்கிய பங்காளிகள். கூடவே கடல்நாய் எனப்படும் சீலின் ஹெர்பிஸ் ஒன்றும் இவற்றோடு சேர்ந்து நிற்கிறது. பூனை, நாய், சீல் மூன்றும் ஊனுண்ணிகள் வரிசையைச் சேர்ந்தவை. விலங்குகள் பிரிந்த வழியிலேயே அவற்றின் வைரஸ்களும் பிரிந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விளக்கம். நம் சின்னம்மை வைரஸும் இதே பேரினம்தான், வாரிசெல்லோவைரஸ். அதனால் எனக்கு ஒரு வசதி: சின்னம்மை ஆறிய பிறகும் வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து, வயதானபின் அக்கியாக வருவதில்லையா, பூனையிலும் அப்படித்தான் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். வீடு மாறினாலோ, ஸ்டீராய்டு கொடுத்தாலோ, புதுப் பூனை ஒன்று வந்தாலோ தும்மல் திரும்பிவிடும்.

பங்காளிகள் என்றாலும் குணம் வேறு. நாய் ஹெர்பிஸ் வளர்ந்த நாயைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். பிறந்து 3 வாரம் ஆகாத குட்டிகளைத்தான் வாரிக்கொண்டு போகும். காரணம் உடல் சூடு. இந்த வைரஸ் 37 டிகிரிக்குக் கீழே நன்றாகப் பெருகும். அந்த வயதுக் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பால் குடிக்காமல் இடைவிடாமல் கத்தும், தொட்டால் சில்லென்றிருக்கும், ஓரிரு நாளில் போய்விடும். இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். குட்டி போட்ட இடத்தைக் கதகதப்பாக வைத்திருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

உறவு நெருக்கத்தை வைத்து ஒட்டுமா ஒட்டாதா என்று கணக்குப் போட முடியாது. இதே பேரினத்தில் பன்றியின் ஹெர்பிஸ் ஒன்று இருக்கிறது, ஆஜெஸ்கி நோயை உண்டாக்குவது. நாய்க்கும் பூனைக்கும் அது அவ்வளவு நெருங்கிய சொந்தமில்லை, ஆனால் இரண்டையுமே கொன்றுவிடும். ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய்கள் இதில் இறந்திருக்கின்றன. மனிதருக்கான ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிரை அவசரத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். பூனை ஹெர்பிஸிடம் அது சரியாக எடுபடாது, பூனைக்கு நஞ்சாகவும் முடியும். ஃபாம்சைக்ளோவிர்தான் வேலை செய்கிறது.

சரி, நாயை விடுங்கள், வீட்டில் வேறு பூனை இருக்கிறதா என்றுதான் நான் அடுத்துக் கேட்பேன். "இன்னும் ரெண்டு இருக்கு டாக்டர், எல்லாம் ஒரே தட்டுலதான் சாப்பிடும்" என்று பதில் வரும்.