கோபத்துக்கு ரத்தப் பரிசோதனை

ஜனவரி 3

ராத்திரி இரண்டு மணி. டெல்லியே ரஜாய்க்குள் சுருண்டு கிடக்கிறது. எனக்கு மட்டும் வியர்க்கிறது. ஃபேனைப் போட்டேன், இவர் எழுந்து அணைத்தார். திரும்பப் போட்டேன்.

ஜனவரி 4

தைராய்டு ரிப்போர்ட் வந்துவிட்டது. டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கலாமாம். "கம்மிதானே, ஏறினாத்தான் பயம்" என்றார் மாமியார். அவருக்கு விளக்கப் போய் எனக்கே இப்போதுதான் தெளிவானது. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. ரத்தத்தில் டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோன், கூடிவிட்டால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். நிறுத்தியும் என் சுரப்பி கேட்கவில்லை. உடம்பே தயாரித்த ஒரு எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு சுரப்பியை விரட்டுகிறது. கிரேவ்ஸ் நோய் என்று பெயர். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற மருத்துவர் 1835-இல் எழுதி வைத்தது.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?" என்றார்.

ஜனவரி 6

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் படபடவென்று ஆடியது. மேஜைமேல் ஃபேன் எதுவும் ஓடவில்லை. பிறகு இந்தியில், "கோபம் அதிகமாக வருகிறதா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, இவரிடம். இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

ஜனவரி 7

இரண்டு மாத்திரைகள்: கார்பிமசோல், புரோப்ரனலால். இரண்டாவது வேலை செய்கிற வேகம் பயமாகக்கூட இருக்கிறது. காலையில் போட்டேன், பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நெஞ்சின் தடதடப்பு அடங்கிவிட்டது. தைராய்டு ஹார்மோன் கூடினால் இதயத்தில் அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பிகளும் கூடுமாம். அதனால் சாதாரண அட்ரினலினுக்கே இதயம் துள்ளுகிறது. புரோப்ரனலால் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. கார்பிமசோல் அப்படி இல்லை. புதிதாகச் சுரப்பதை மட்டும்தான் தடுக்கும். சுரப்பி வாரக்கணக்கில் வரும்படி சேர்த்து வைத்திருப்பது தீரவேண்டும். ரத்தத்தில் ஏற்கெனவே ஓடுகிற டி4 பாதியாகக் குறையவே சில நாள் ஆகும்.

சரி, காத்திருக்கலாம். ஆனால் ஒன்று. நெஞ்சு அடங்கியதும் நொய்டாவுக்கு வீடு மாற்றும் விஷயத்தில் இருந்த ஆத்திரமும் கொஞ்சம் அடங்கியது. அதுதான் உறுத்துகிறது. வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் 1884-இலேயே கேட்டிருக்கிறார்: பயந்ததால் ஓடுகிறோமா, ஓடுவதால் பயப்படுகிறோமா? உடம்பு முதலில், உணர்ச்சி பிறகு என்பது அவர் கட்சி. அப்படியானால் நான் கோபப்பட்டதால் நெஞ்சு அடித்ததா, நெஞ்சு அடித்ததால் கோபத்துக்கு ஒரு காரணம் தேடினேனா?

ஜனவரி 9

நொய்டா பற்றி யாரும் பேசவில்லை.

ஜனவரி 14

குக்கரில் பொங்கல். மலை மந்திர் முருகன் கோயிலில் நல்ல கூட்டம், படி ஏறும்போது மூச்சு வாங்கியது. மூன்று தரம் பொங்கல் போட்டுக்கொண்டேன். எடை மட்டும் ஏறவில்லை. பார்க்கிறவர்கள் "டயட்டா?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள்.

அம்மா கும்பகோணத்திலிருந்து கூப்பிட்டாள். கோபம்கூட இந்த நோயால்தானாம் என்றேன். "யாருடி சொன்னா? உனக்கு நாலு வயசுலயே மூக்குக்கு மேல கோபம்." எனக்கு என்னவோ ரொம்ப நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 19

இன்று வெடித்துவிட்டது. குழந்தையின் பள்ளிக்கூடத்தை நடு வருடத்தில் எப்படி மாற்றுவது என்றுதான் ஆரம்பித்தேன். இவர் குரலை உயர்த்தவே இல்லை. "டாக்டர்தான் சொன்னாரே. முதல்ல லெவல் எல்லாம் சரியாகட்டும், அப்புறம் பேசலாம்." மாமியாரும் தலையாட்டினார். இந்த வீட்டில் இனி நான் எதற்குக் கோபப்பட்டாலும் அதற்கு ஒரு லேப் ரிப்போர்ட் வேண்டும்.

1962-இல் ஷாக்டர், சிங்கர் என்ற உளவியலாளர் இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. வைட்டமின் ஊசி என்று சொல்லி அட்ரினலின் போட்டார்கள். படபடப்பு எதனால் என்று சொல்லப்படாதவர்கள், அந்த அறையில் நடிக்க வைக்கப்பட்டிருந்த ஆளின் மனநிலையையே பிடித்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்தவர்களுக்கு அது அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை. இருக்கட்டும், அவர்கள் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். அதில்கூட ஊசி கொடுத்தது படபடப்பை மட்டும்தான். எதற்குக் கோபம் என்பது அறையிலிருந்து வந்தது. என் அறைக்குள் நொய்டாவைக் கொண்டு வந்து வைத்தது யார்? கழுத்துச் சுரப்பிக்கு நொய்டா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. டிசம்பரிலேயே அங்கே ஒரு வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம். என்னைக் கேட்காமல்.

ஹார்மோன் சத்தத்தைக் கூட்டியிருக்கலாம். பாட்டு இவர் போட்டது.

ஜனவரி 23

தொண்டை வலி.

ஜனவரி 24

தூங்கவில்லை. கார்பிமசோல் அபூர்வமாக வெள்ளை அணுக்களை அடியோடு இறக்கிவிடும், தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். நிறுத்திவிட்டேன். காலை ஏழு மணிக்கே லேபில் நின்றோம். இவர்தான் வண்டி ஓட்டினார். வழி முழுக்கப் பேசவில்லை, என் ஸ்வெட்டரைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினார்.

மாலை: அணுக்கள் சரியாக இருக்கின்றன. டெல்லிப் புகைதான். டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

பிப்ரவரி 2

ஆறு மணி நேரத் தூக்கம்! குழந்தை எழுப்பித்தான் எழுந்தேன்.

பிப்ரவரி 17

டி4 இயல்புக்கு வந்துவிட்டது. டி.எஸ்.எச். அசையவில்லை. பிட்யூட்டரி இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததால் மெதுவாகத்தான் எழுமாம், மாதங்கள்கூட ஆகலாமாம். புரோப்ரனலாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

இவர் ஃபோனில் ரிப்போர்ட்டைப் பார்த்து, "அப்பாடா, நார்மல்" என்றார். "ஆமாம். இப்போ அந்த அக்ரிமென்ட்டை எடுங்க" என்றேன்.

அதில் குடிவரும் தேதி மார்ச் 1 என்று இருக்கிறது. பரீட்சை முடிவதற்கு முன்னால். வீட்டு ஓனரின் நம்பரைக் குறித்துக்கொண்டேன். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடவேண்டும்.